தோலுக்கடியில் ஒரு பாதை

களனி கங்கை கடலிற் சேரும் முகத்துவாரத்தின் தென்கரையில், ஒருபுறம் ஆறும் மறுபுறம் கடலும் நெருக்க, நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மட்டக்குளி, வைத்திய சரித்திரம் எழுதப் புகுவோரின் கண்ணில் எளிதிற் படும் ஊரன்று. கொட்டாஞ்சேனைக்குச் சென் லூசியா பேராலயம் உண்டு; வெள்ளவத்தைக்குக் கடைத்தெருவும் அதற்கேற்ற மிடுக்கும் உண்டு; மட்டக்குளிக்கோ காக்கைதீவின் மணலும், கரையேறிக் கிடக்கும் வள்ளங்களும், மாரியில் வடிய மறுக்கும் வாய்க்கால்களும், அவ்வாய்க்கால்களிற் பெருகும் நுளம்புகளுமே பிதிரார்ஜிதமாக வாய்த்தன. ஆற்றைக் கடந்தால் ஹெந்தளை. அங்கே 1708 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் அமைத்த தொழுநோய் வைத்தியசாலை, கொழும்பின் பெரியாஸ்பத்திரி தோன்றுவதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னரே வியாதியஸ்தரை ஊருக்குப் புறத்தே ஒதுக்கி வைத்துப் பராமரித்தது. இருதயத்தினுள் கம்பி செலுத்தி, மின்சாரத்தால் அதனைத் துடிக்க வைக்கும் இக்காலத்து வித்தையின் பூர்வீகத்தை ஆராயப் புகுந்த நான், ஸ்டொக்ஹோமையும் மின்னியாபொலிஸையும் விட்டு இந்த ஆற்றங்கரையிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. அக்கம்பி தோலுக்கடியிற் செல்லும் வழியைத் திறக்கும் கருவியின் மூதாதை, இக்கரையோரத்து மக்களுக்கு யானைக்கால் நோயின் வாயிலாகத் தலைமுறை தலைமுறையாகப் பழக்கமாயிருந்த ஓர் உபகரணமே.

இலங்கையின் தென்மேற்குக் கரையோரம் அந்நோய் நெடுங்காலம் குடியிருந்த பூமி. அழுக்குநீரில் முட்டையிடும் கியூலெக்ஸ் நுளம்பு ஒருவர் உடலிலிருந்து மற்றொருவர் உடலுக்குக் கொண்டுசெல்லும் நுண்ணிய புழு, நிணநீர்க் குழாய்களிற் சென்று குடிகொள்ள, சிலருக்குக் கால் பருத்தது. ஆண்கள் பலருக்கு விதைப்பையில் நீர் கோத்தது. சீனத்து அமோய் துறைமுகத்தில் வைத்தியராயிருந்த பற்றிக் மான்சன், இப்புழுவுக்கும் நுளம்புக்கும் உள்ள சம்பந்தத்தை 1877 இல் கண்டறிந்தார்; அதற்குச் சரியாக எழுபது ஆண்டு கழித்து, 1947 இல், யானைக்கால் தடுப்பு இயக்கம் இலங்கையில் ஏற்பட்டது. புழுவின் குஞ்சுகள் பகலெல்லாம் உடலின் ஆழத்தில் ஒளிந்திருந்து இராக்காலத்திலேயே மேற்பரப்பு இரத்தத்துக்கு வருமாதலால், விரல்நுனியிற் குத்தி இரத்தம் எடுக்கும் ஊழியரும் இரவிலேயே வேலை செய்ய வேண்டியிருந்தது. பொதுச் சுகாதாரத்துக்கு இடையூறு என்ற நிலையிலிருந்து இந்நோய் இலங்கையில் ஒழிந்துவிட்டதென உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது 2016 இல்தான்.

விதைப்பையில் நீர் கோத்தவர், வலி அதிகமில்லாமையாலும் வெட்கம் அதிகமாயிருந்தமையாலும், சாரத்தை அகலமாக உடுத்து மறைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்காக நடமாடுவர். பாரம் தாங்கொணாத கட்டத்திலேயே வைத்தியரிடம் போவர். வைத்தியர் அறையை இருட்டாக்கி, வீக்கத்தின் பின்னால் விளக்கைப் பிடித்து, ஒளி ஊடுருவுகிறதா என்று பார்ப்பார். ஊடுருவினால் உள்ளே இருப்பது நீர், இறங்கிய குடலன்று. அதன்பின் அவர் கையில் எடுப்பது ட்ரோக்கார். இரண்டே உறுப்புள்ள எளிய கருவி அது: மும்முகமாகத் தீட்டிய முனையுடைய உருக்குக் கோல் ஒன்று, அக்கோலை இறுகத் தழுவி நிற்கும் உலோகக் குழாய் மற்றொன்று. கோலின் பிடி உள்ளங்கையில் அழுந்த, சுட்டுவிரலைக் குழாயின் பக்கமாக நீட்டி, அவ்விரல் தோலைத் தொடும் அளவுக்கு மேல் முனை உட்செல்லாதபடி காவல் வைத்து, ஒரே குத்தாகக் குத்திக் கோலை உருவிவிட்டால், குழாய் மட்டும் உள்ளே தங்கும்; வைக்கோல் நிறத்து நீர் அதன் வழியே வடியும். குத்துவது ஒன்று, தங்குவது மற்றொன்று என்னும் இப்பிரிவினையே கருவியின் சூட்சுமம் முழுவதும். கூரான உறுப்பு கணப்பொழுதில் தன் வேலையை முடித்துக்கொண்டு வெளியேற, மழுங்கிய உறுப்பு அது திறந்த வழியைக் காத்து நிற்கிறது. நோயாளியும் அன்று மாலையே நடந்து வீடு திரும்புவார். நீர் மறுபடி கோத்துக்கொள்வதும் வழக்கமாதலால், சில மாதங்களில் அதே வாசலுக்கு வந்தும் நிற்பார்.

இச்சூட்சுமம் மேனாட்டார் தந்ததென்று எண்ணுவோர் சுசுருத சங்கிதையின் சிகிச்சா ஸ்தானத்தைப் புரட்டிப் பார்ப்பது நன்று. நூற்றொரு யந்திரங்களையும் இருபது சஸ்திரங்களையும் வகுத்துக் கூறும் அந்நூல், நெல்மணியின் நுனிபோன்ற முனையுடைய விரீஹிமுகம் என்னும் ஆயுதத்தை, வயிற்றில் நீர் கோக்கும் மகோதரத்துக்கும் நீர்கோத்த விதைக்கும் விதிக்கிறது. மகோதரமாயின், தொப்புளுக்குக் கீழே இடப்பக்கத்தில், நடுவரியிலிருந்து நான்கு விரற்கடை விலகி, பெருவிரற் பருமன் ஆழத்துக்குத் துளையிட்டு, ஈய வகை உலோகத்தாலான இருவாய்க் குழாயையோ பறவையின் இறகுத் தண்டையோ பொருத்தி நீரை இறக்க வேண்டும். ஒரே நாளில் முழுவதையும் இறக்கிவிட்டால் தாகமும் சுரமும் பிறவும் வந்து உயிருக்கு ஆபத்தாகும், ஆதலால் நாளுக்குச் சிறிதாகப் பகுத்து வடிக்க வேண்டும் என்பது அதன் கட்டளை. இன்றைய வார்டுகளில் வயிற்றுநீர் எடுக்கும் வைத்தியர் இரத்த அழுத்தம் சரியாமற் பார்த்துக்கொள்ளும் எச்சரிக்கைக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை. ஆயினும், நம் முன்னோர் எல்லாவற்றையும் அறிந்திருந்தனர் என்று மேடையேறி முழங்குவோர் வரிசையில் எனக்கு இடம் வேண்டாம். சுசுருதர் பேசுவது உள்ளிருப்பதை வெளியே இறக்கும் வழியை. வெளியிலுள்ள பொருளை உள்ளே வைத்துத் தோலை மூடி மனிதனை வீட்டுக்கு அனுப்பும் எண்ணம் பிறப்பதற்கு உலகம் இன்னும் பல நூற்றாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று.

இலங்கையிலும் இக்கருவிக் குடும்பத்தின் சுவடுகள் பழையன. பொலன்னறுவையில், பராக்கிரமபாகு மன்னன் காலத்து ஆளாகன பிரிவெனாவைச் சேர்ந்த வைத்தியசாலையின் இடிபாடுகளை அகழ்ந்தபோது, கத்தி, கத்தரி, சாமணம் முதலிய சத்திர ஆயுதங்கள் கிடைத்தன. தமிழில் மேனாட்டுச் சத்திரவைத்தியம் புகுந்த கதையோ யாழ்ப்பாணத்துக்கு உரியது. 1847 இல் அங்கு வந்திறங்கி, முதலில் வட்டுக்கோட்டையிலும் பின்னர் மானிப்பாயிலும் பணியாற்றிய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மாணாக்கருக்கு ஆங்கிலத்திற் கற்பித்தால் அவர்கள் உத்தியோகம் தேடி ஊரை விட்டுப் போய்விடுகிறார்கள் என்று கண்டு, 1864 முதல் தமிழிலேயே வைத்தியம் கற்பிக்கத் தலைப்பட்டார். ட்ரூயிற் என்பாரின் சத்திரவைத்திய நூல் 1867 இல் அவர் முயற்சியால் இரணவைத்தியம் என்ற பெயருடன் தமிழில் அச்சேறியது. கொழும்பில் வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டது அதற்கு மூன்றாண்டு பின்னர், 1870 இல். அஃதாவது, தலைநகரத்துப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் ஆயுதப் பெயர்களை நெட்டுருப்பண்ணத் தொடங்கு முன்னரே, மானிப்பாயில் தமிழ்ப் பிள்ளைகள் தாய்மொழியில் படித்துவிட்டுக் கட்டி அறுக்கவும் நீர் இறக்கவும் கற்றுக்கொண்டிருந்தனர். இத்தனை நல்ல தொடக்கம் பெற்ற ஒரு மரபை நாம் எவ்வளவு அலட்சியமாகக் கைநழுவ விட்டோம் என்பது தனியே எழுதவேண்டிய விஷயம்.

வெளியே இறக்கும் கருவி உள்ளே வைக்கும் கருவியாகத் திரும்பிய சம்பவம் அயர்லாந்தின் தலைநகரில் நிகழ்ந்தது. டப்ளின் மீத் வைத்தியசாலையைச் சேர்ந்த பிரான்சிஸ் ரிண்ட், முகநரம்பு வலியால் துடித்த ஒரு பெண்ணுக்கு, 1844 இல், ட்ரோக்காரும் குழாயும் சேர்ந்த ஒரு சிறு கருவியால் தோலைத் துளைத்து, மோர்பின் கரைசலை நரம்பின் அருகே இறங்கச் செய்தார். இன்று பிறந்த குழந்தைக்கும் தெரிந்த ஊசி மருந்துக்கு அதுவே ஆதி. அதுவரை சருமம் உடலின் மதில். அன்று முதல் அது மருந்து வைக்கும் அறையும் ஆயிற்று. 1877 இல் இலண்டன் வைத்தியர் ரெஜினல்ட் சௌதி, வீங்கிய கால்களின் தோலுக்கடியிற் செருகி நாட்கணக்கில் நீர் கசிய விடும் மிக மெல்லிய குழாய்களைச் செய்வித்தார். அவை அவர் பெயராலேயே நெடுங்காலம் வார்டுகளில் வழங்கின. பிற்காலத்தில் தொழுநோயாளருக்கு நீரடிமுத்து எண்ணெயைத் தோலுக்கடியில் ஏற்றும் முறை உலகெங்கும் பரவியபோது, ஒரு பொருள் தோலுக்கும் தசைக்கும் நடுவே உள்ள கொழுப்புப் படையில் தங்கி மெல்ல மெல்ல வேலை செய்யும் என்ற அறிவு வைத்தியருக்குச் சாதாரணமாயிற்று.

இனி இருதயத்துக்கு வருவோம். இருதயத்தின் மேலறையிற் பிறக்கும் துடிப்பின் ஆணை கீழறைக்குப் போய்ச் சேராமல் இடையில் தடைப்படுமாயின், நாடி நிமிஷத்துக்கு முப்பதுக்கும் கீழே இறங்கக்கூடும். சிலவேளை முற்றாக நிற்கும். மனிதன் பேசிக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுவான். 1952 இல் பொஸ்ரன் வைத்தியர் போல் ஸோல், நெஞ்சின் மேற்புறத்தில் தகடுகளை வைத்து மின்சாரம் பாய்ச்சி அத்தகையோரைப் பிழைக்க வைத்தார். இருதயம் துடித்தது, கூடவே நெஞ்சுத் தசைகளும் துடித்தன, தோலும் வெந்தது. மின்னியாபொலிஸில் சிறுபிள்ளைகளின் இருதயத்தைத் திறந்து ஓட்டைகளைத் தைத்துவந்த வோல்ற்றன் லில்லெஹை, 1957 இல், சத்திரசிகிச்சை முடிந்ததும் இருதயத் தசையிலேயே ஒரு கம்பியைப் பதித்து, அதன் மறுமுனையை நெஞ்சுச் சுவரின் வழியே வெளியே இழுத்து, சுவரில் செருகிய மின்யந்திரத்தோடு தொடுத்தார். மிகச் சிறிய மின்சாரமே போதுமாயிருந்தது, பிள்ளைகளுக்கு வலியுமில்லை. அவ்வாண்டு ஒக்ரோபர் 31 இல் நகரம் முழுதும் மின்சாரம் நின்றுபோக, மின்கலத்தில் இயங்கும் ஒரு பெட்டி வேண்டுமென லில்லெஹை கேட்க, வைத்தியசாலையின் யந்திரங்களைப் பழுது பார்த்து வந்த ஏர்ள் பாக்கன், சங்கீத மாணாக்கர் தாளம் பழகும் மெட்ரோனோமுக்குரிய மின்சுற்று ஒன்றை முன்மாதிரியாகக் கொண்டு, நான்கு வாரத்தில் கையடக்கமான பெட்டியைச் செய்து கொடுத்தார்.

பெட்டியின் கதையை எல்லாரும் எழுதிவிட்டனர். நான் கவனிக்கச் சொல்வது, அக்கம்பி தோலைக் கடக்கும் இடத்திலுள்ள துவாரத்தை. பிள்ளையின் இருதயம் சில வாரங்களில் தானாகவே துடிக்கத் தொடங்கிவிட்டால், கம்பியை உருவிவிடலாம்; துவாரம் மூடிக்கொள்ளும். ஆயுள் முழுதும் அக்கம்பி வேண்டியவனுக்கோ அத்துவாரம் ஒருநாளும் மூடாத வாசல். அதன் வழியே கிருமிகள் கம்பியைப் பற்றிக்கொண்டு இருதயம் வரை இறங்கும். 1958 இல் நியூயோர்க்கில் சீமூர் பேர்மன், கையின் நாளத்தின் வழியே கம்பியை இருதயத்துக்குள் ஓட்டி, முதியவர் ஒருவரை 96 நாள் அவ்வாறே காத்தார். அந்த மனிதர் உலாவப் புறப்பட்டால் சக்கரம் வைத்த யந்திரமும் நீண்ட மின்கயிறும் பின்னாலேயே வரவேண்டும். அவர் உயிரோடிருந்தார், ஆனால் ஆற்றில் இறங்கி முழுகவோ, ஒருக்களித்து நிம்மதியாகப் படுக்கவோ அவரால் முடிந்திராது. ஆகவே, மின்கலம் சிறுத்தது பாதி வெற்றியே. கம்பி முழுதும் தோலுக்குள் மறைந்த அன்றுதான் இருதய நோயாளி வீடு திரும்பினான்.

அந்நாள் 1958 ஒக்ரோபர் 8. இடம் ஸ்டொக்ஹோம் கரோலின்ஸ்கா வைத்தியசாலை. நாளொன்றுக்கு இருபது முப்பது முறை மயங்கி விழுந்துகொண்டிருந்த ஆர்னே லார்சன் என்பவரின் மனைவி எல்ஸ் மரீ, சத்திரவைத்தியர் ஓகே சென்னிங்கிடமும் பொறியியலாளர் ரூனே எல்ம்க்விஸ்ட்டிடமும் விடாமல் வந்து மன்றாட, எல்ம்க்விஸ்ட் இரண்டு ட்ரான்ஸிஸ்டரும் மின்கலமும் சேர்த்து, சப்பாத்துப் பொலிஷ் டப்பாவை அச்சாகக் கொண்டு பிசின் ஊற்றி வார்த்த ஒரு வில்லையைச் செய்தார்: குறுக்களவு 55 மில்லிமீற்றர், தடிப்பு 16 மில்லிமீற்றர். சென்னிங் நெஞ்சைத் திறந்து கம்பிகளை இருதயத்தின் மேற்புறத்தில் தைத்து, வில்லையை வயிற்றுச் சுவரில் புதைத்தார். முதல் வில்லை சில மணி நேரத்தில் செயலற்றுப் போயிற்று, மற்றொன்றை வைத்தனர், அதுவும் நீடிக்கவில்லை. ஆயினும் லார்சன் இருபதுக்கு மேற்பட்ட பெட்டிகளை மாறி மாறித் தாங்கி, செய்தவரும் வைத்தவரும் மாண்டபின்னும் வாழ்ந்து, 86 ஆம் வயதில், 2001 இல், வேறொரு வியாதியால் காலமானார்.

இருதயத்துக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு சாணுக்கு மேற்பட்ட தூரம் உண்டல்லவா? அத்தூரத்தைக் கம்பி எவ்வாறு கடந்தது என்பதை எந்தப் புகழ்க்கதையும் விரித்துரைப்பதில்லை. அதற்கெனத் தனிக் கருவி அந்நாளில் இல்லை. சத்திரவைத்தியர் கைக்கெட்டிய நீண்ட இடுக்கியை எடுத்து, வாயை மூடியபடி கொழுப்புக்கும் தசையுறைக்கும் நடுவே தள்ளிக்கொண்டு போய், மறுபுறத்துக் கீறலில் தலைகாட்டியதும் வாயைத் திறந்து, கம்பியின் நுனியைக் கவ்வி, வந்த வழியே இழுத்துவிடுவார். கம்பியின் கஷ்டம் அத்துடன் தீர்வதில்லை. நிமிஷத்துக்கு எழுபது வீதம் நாளொன்றுக்கு ஒரு லட்சம் முறை துடிக்கும் இருதயம், ஒரு லட்சம் முறை அதனை வளைக்கிறது. நேர்கம்பிகள் சில மாதங்களிலேயே முறிந்தன. அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில் 1960 முதல் வில்சன் கிரேட்பாட்ச் செய்த பெட்டிகளை வைத்துவந்த சத்திரவைத்தியர் வில்லியம் சார்டாக், கம்பியைச் சுருள்வில்லாகச் சுற்றிச் சிலிக்கோன் ரப்பரில் பொதிந்த பின்னரே அது ஆண்டுகளைத் தாங்கத் தொடங்கியது.

எங்கள் ஒழுங்கையில், பின்னேரங்களில் திண்ணையில் இருந்து பேப்பர் பார்க்கும் முதியவர் ஒருவர் உண்டு. ஒருநாள் சேட்டுப் பொத்தானைக் கழற்றி, இடப்பக்கத்துக் காறையெலும்பின் கீழே தீப்பெட்டியளவு புடைத்திருந்த மேட்டைக் காட்டினார். அதன் விளிம்பிலிருந்து ஒரு தழும்பு போல மெல்லிய வரம்பு வளைந்து சென்று, இரண்டு விரற்கடை தூரத்தில் எலும்பின் கீழே மறைந்துபோயிற்று. மெலிந்த சரீரமாதலால் அது வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. அதன்மேல் விரலை ஓட்டியபடி, “தம்பி, பெட்டி பத்து வருஷம் வரும் எண்டு டொக்டர் சொன்னவர். இந்த வயர் எப்பிடி உள்ளுக்குப் போனது எண்டுதான் ஒருத்தரும் சொல்லேல்லை” என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி.

அதற்கு விடை, நெஞ்சைத் திறவாமல் நாளத்தின் வழியே கம்பியை ஓட்டும் முறை. அதன் வித்து 1929 இல் விழுந்தது. ஜெர்மனியின் எபர்ஸ்வால்ட் நகரத்து இளம் வைத்தியர் வேர்னர் போர்ஸ்மன், மேலதிகாரியின் தடையை மீறி, சிறுநீர்க் குழாய்க்குரிய ரப்பர்க் குழலொன்றைத் தம் கைநாளத்தில் ஏற்றி, மாடிப்படி இறங்கிப் போய்க் கதிர்ப்படம் எடுத்து, அதன் நுனி தம் இருதயத்துள் நிற்பதை உலகுக்குக் காட்டினார். உலகம் அவரை முதலில் ஏளனம் செய்து, 1956 இல் நோபல் பரிசு கொடுத்து ஈடு செய்தது. 1960களின் தொடக்கத்தில், கழுத்து நாளத்தின் வழியே கம்பியை இருதயத்துக்குள் இறக்கி, பெட்டியை நெஞ்சுத் தோலுக்கடியில் வைக்கத் தொடங்கினர். இங்கே மறுபடியும் ஒரு பாதை வேண்டியதாயிற்று: கழுத்துக் கீறலிலிருந்து காறையெலும்பைத் தாண்டி நெஞ்சுக்கு. எலும்பின் மேலாகச் சென்றால் தோல் உராய்ந்து தேய்ந்து கம்பி வெளியே எட்டிப் பார்த்தது. கீழாகச் சென்றால் எலும்பசைவில் நசுங்கியது. இவ்விடுக்கணைத் தவிர்க்கவே தோள்பட்டைப் பள்ளத்திலுள்ள சிறு நாளத்தையும், பின்னர் காறையெலும்பின் கீழுள்ள பெருநாளத்தையும் நாடினர்.

பெருநாளத்தை ஊசியாற் குத்துவது எளிது. அதனூடே குழலை ஏற்றி, குழலினுள் கம்பியை இறக்குவதும் எளிது. சங்கடம் அதன் பின்னர். கம்பியின் வால்நுனியில் பெட்டியோடு பொருத்தும் தடித்த குமிழ் உண்டு. இருதயத்திற் பதிந்துவிட்ட கம்பியின்மேல் மாட்டிக்கொண்ட குழலை அக்குமிழைத் தாண்டிக் கழற்றுவது எப்படி? புளொரிடாவைச் சேர்ந்த பிலிப் லிட்டில்போர்ட் 1970களின் இறுதியில் கண்ட உபாயம், பார்த்தபின் யாருக்கும் தோன்றக்கூடியது. குழலின் நெடுகிலும் இருபக்கமும் நலிந்த கோடு ஒவ்வொன்று இட்டுவைத்தார். கம்பி இடம் சேர்ந்ததும் குழலின் இரு காதுகளையும் பற்றி இருபுறமும் விலக்கினால், அது நெடுக்காகப் பிளந்து இரண்டு கீற்றாகக் கைக்கு வந்துவிடும், கம்பி அசையாது. கோல் வெளியேறக் குழாய் தங்கிய பழைய ட்ரோக்காரில், இப்போது குழாயும் தன்னையே கிழித்துக்கொண்டு வெளியேறக் கற்றுக்கொண்டது. என் மதிப்பில், பேஸ்மேக்கர் என வழங்கும் இப்பெட்டியை வைக்கும் சிகிச்சையைச் சத்திரசிகிச்சைக்கூடத்திலிருந்து விடுவித்துக் கதிர்ப்படத் திரையின் கீழ் ஒரு மணி நேர வேலையாக்கியதில், மின்கலத்துக்கு உள்ள பங்கில் இக்கிழியும் குழலுக்குக் குறைந்த பங்கில்லை. கொழும்புப் பெரியாஸ்பத்திரியில், என். ஜே. வல்லுப்பிள்ளை முதலிய முன்னோடிகள் தனித்துறையாக வளர்த்த இருதய வைத்தியம் இன்று நாளாந்தம் பயன்படுத்துவதும் இவ்வழியையே. முதியவரின் வயர் எலும்பின் கீழே மறைந்துபோன இடம் அந்நாளத்தின் வாசல்.

இதனிடையே, ட்ரோக்கார் வேறொரு வாசலாலும் இலங்கைப் பெண்களிடம் வந்து சேர்ந்தது. 1980களில் குடும்பக் கட்டுப்பாட்டுக்கென அறிமுகமான நோர்பிளாண்ட், 34 மில்லிமீற்றர் நீளமும் 2.4 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள ஆறு மெல்லிய சிலிக்கோன் குழல்களால் ஆனது. மேற்கையின் உட்புறத்திற் சிறு கீறலிட்டு, அவற்றை ஒரே வாசல்வழி விசிறிபோல விரித்து வைப்பதற்கு, அளவுக்கோடு பொறித்த ட்ரோக்காரே பயன்பட்டது. முதற் கோடுவரை உட்செலுத்தி, உட்கோலை எடுத்து, குழலை இட்டு, மீண்டும் கோலால் மெல்ல உந்தி, குழாயை மட்டும் பின்னிழுக்க வேண்டியிருந்தது. குழல் இட்ட இடத்திலேயே நின்றது. அம்மருந்தின் நன்மை தீமைகளை எட்டு நாடுகளில் ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து கவனித்த பெரும் ஆய்வில் இலங்கையும் இடம்பெற்றது. பாட்டனுக்கு நீர் இறக்கிய கருவியின் வம்சத்தில் வந்ததே பேர்த்தியின் கையிலும் நுழைந்ததென்று அவ்வீட்டார் அறிந்திருக்க நியாயமில்லை.

தோலுக்கடியில் நெடுந்தூரம் செல்லும் கம்பிகள் மறைந்துவிட்டன என்று எண்ணியிருந்த காலத்தில், அவை புதிய காரணங்களோடு திரும்பி வந்தன. 1967 இல் நோர்மன் ஷீலி தீராத வலிக்கு முள்ளந்தண்டின் மேல் மின்கம்பி வைத்தார். 1987 இல் கிரெனோபிளில் அலிம் லூயி பெனாபிட் நடுக்கவாதத்துக்கு மூளையின் ஆழத்தில் வைத்தார். முன்னதில் முதுகிலிருந்து இடுப்புக்கும், பின்னதில் மண்டையிலிருந்து காதின் பின்னால் இறங்கிக் கழுத்தைக் கடந்து நெஞ்சுக்கும் கம்பி போகவேண்டும். இருதயத்திலும், தறிகெட்டு நடுங்கும் துடிப்பை அதிர்ச்சி கொடுத்து நிறுத்தும் யந்திரத்தை 1980 இல் மிஷெல் மிரோவ்ஸ்கியின் குழுவினர் முதன்முதலாக மனிதருக்கு வைத்தபோது நெஞ்சைத் திறக்க நேர்ந்தது. 2010 இல் கஸ்ட் பார்டியும் கூட்டாளிகளும் வெளியிட்ட புதிய முறையிலோ, கம்பி இருதயத்தையும் தொடுவதில்லை, நாளத்தையும் தொடுவதில்லை. இடது விலாப்புறத்துப் பெட்டியிலிருந்து நெஞ்செலும்பின் அடிவரை கிடையாகவும், அங்கிருந்து எலும்பின் ஓரமாக மேல்நோக்கியும், முழுவதும் தோலுக்கடியிலேயே அது செல்கிறது.

இவற்றுக்கெல்லாம் பயன்படும் கோலைச் சத்திரசிகிச்சைக்கூடத்தார் டனலர் என்பர். தட்டில் கிடக்கும்போது அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பிடியோடு கூடிய உருக்குக் கம்பி; முனை கூரில்லாமல் உருண்டு வழவழப்பாயிருக்கும்; முனையருகே நூல் கோக்கும் கண் ஒன்று. வைத்தியர் வலக்கையால் அதனை உந்த, இடக்கை விரல்கள் வெளித்தோலின்மேல் முனையோடு கூடவே நகர்ந்து, அது எந்த ஆழத்தில் வருகிறதென்று தடவி அறிந்துகொண்டே போகும். கொழுப்பின் மேற்படையில் ஏறிவிட்டால், பின்னாளில் கம்பி தோலை அரித்துக்கொண்டு வெளிவரும்; தசைக்குள் இறங்கிவிட்டால் இரத்தம் கட்டும், விலாவின் உட்புறம் துளைபடவும் கூடும். தசையுறையை ஒட்டி, கொழுப்பின் அடியில், கோல் தானே வழுக்கிச் செல்லும் ஒரு படை உண்டு. அதைக் கை அறியும், படம் காட்டாது. மறுகீறலில் முனை வெளிப்பட்டதும், கண்ணில் பட்டுநூலைக் கோத்துக் கம்பியின் நுனியோடு முடிந்து, கோலைப் பின்னிழுக்க, பாவாடைக்கு நாடா கோப்பதைப் போலக் கம்பி அவ்வழியே பின்தொடர்ந்து வந்து இடம் சேரும். இக்கோலின் முதற் கர்த்தா இன்னாரென்று வைத்திய நூல்கள் கொண்டாடுவதில்லை. இடுக்கியாலும் குழாயாலும் கைவேலை பார்த்த பலரின் பொறுமையின்மையிலிருந்து பிறந்த கருவி அது.

உள்ளே வைத்ததை வெளியே எடுக்கும் சமயம் ஒன்றும் உண்டு. பெட்டியோடு இறந்தவரை அப்படியே தகனம் செய்தால், மின்கலம் சூட்டில் வெடிக்கும். இங்கிலாந்தின் சொலிஹல் தகனசாலையில் 1976 இல் அவ்வாறு நேர்ந்த பின்னரே உலகம் இதனைக் கவனித்தது. ஆதலால் மாதம்பிட்டி மயானத்துக்குத் தகனத்துக்கெனப் பிரேதத்தைக் கொண்டுபோகும் எங்கள் பகுதிச் சைவக் குடும்பங்கள், பெட்டி இருக்கும் செய்தியை வைத்தியசாலையிலேயே சொல்லிவிட வேண்டும். எடுப்பதற்கு ட்ரோக்காரும் வேண்டாம், டனலரும் வேண்டாம்; பழைய தழும்பின்மேல் ஒரு சிறு கீறலும் கத்தரியும் போதும். பெட்டியை வெளியே எடுத்து வயரை வெட்டிவிடுவார்கள். மின்கலமில்லாத வயரால் நெருப்புக்கு ஒரு தீங்குமில்லையாகையால், அது உள்ளேயே விடப்படும். அதிர்ச்சி கொடுக்கும் வகைப் பெட்டியானால் மட்டும், கத்தரி வைக்கு முன் அதனை நிறுத்தி வைக்க வேண்டும். இல்லையேல் வயர் அறுபடுவதை இருதயத்தின் நடுக்கமென்று எண்ணி, அது வெட்டுகிறவரின் கையில் அதிர்ச்சியை இறக்கக்கூடும்.